திருப்பிப் பிடித்தால் ஊர் தெரியும்

சான் டியேகோவில் பழைய பொருள் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. தானமாக வந்த சட்டை, சட்டி, சோபா எல்லாம் விற்கும் கடைகள் ஒரு பக்கம், வார இறுதிச் சந்தைகள் இன்னொரு பக்கம். வயதானவர் காலமானபின் பிள்ளைகள் வீட்டைத் திறந்துவைத்து, உள்ளே இருக்கும் சாமான் அத்தனைக்கும் விலை ஒட்டி விற்கும் எஸ்டேட் சேல் வேறு. எங்கே போனாலும் ஒரு மூலையில் மரத்தில் செதுக்கிய முகமோ உருவமோ நிற்கும். விலைச்சீட்டில் இரண்டே சாதிதான்: ஒன்று 'டீக்கி', அதாவது பசிபிக் தீவுத் தெய்வ உருவங்களின் பாணியில் செதுக்கியது; இன்னொன்று 'ஆப்பிரிக்கன்'. வாயை அகலத் திறந்திருந்தால் டீக்கி, கறுப்பாக இருந்தால் ஆப்பிரிக்கன். ஒட்டுகிற தன்னார்வலர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அடுத்த பெட்டி காத்திருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டை நம்பி வாங்குவதும், அதை நம்பி விட்டுவிட்டு வருவதும் நம் பாடு. பொருள் எந்த ஊரில் செய்தது என்று நாமேதான் கண்டுபிடிக்கவேண்டும்.

இந்த ஊரில் இவ்வளவு சிற்பம் சேர்ந்ததற்குக் காரணம் கடற்படை. பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் 1992 வரை இருந்தது. அங்கே போய்த் திரும்பிய மாலுமிகள் பையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. வீடுகள் காலியாகும்போது சிற்பங்கள் கடைக்கு வருகின்றன. அதனால் 'டீக்கி' என்று சீட்டு ஒட்டிய பொருளை எடுத்தால், ஹவாயை நினைப்பதற்கு முன்னால் நான் பிலிப்பைன்ஸை நினைத்துப் பார்ப்பேன்.

டீக்கி மோகத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. 1930-களில் டான் பீச் என்பவர் ஹாலிவுட்டிலும், டிரேடர் விக் என்று பெயர் பெற்ற விக்டர் பெர்ஜரான் ஓக்லாந்திலும் தென்கடல் தீவு அலங்காரத்தில் மதுக்கடை உணவகம் நடத்திப் பிரபலமானார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து பசிபிக்கிலிருந்து படைவீரர்கள் திரும்பினார்கள். 1959-இல் ஹவாய் மாநிலமானது. ஜெட் விமானம் வந்தது. அமெரிக்கக் கொல்லைப்புறமெல்லாம் டீக்கி முளைத்தது. இந்தத் தேவைக்காகக் கலிபோர்னியாவிலேயே செதுக்கினார்கள். விட்டியர் நகரில் ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற பட்டறை 1956-இல் தொடங்கி 2021 வரை உணவகங்களுக்குச் சிற்பம் கொடுத்தது. அதாவது 'தீவில் செய்ததா, போலியா' என்று இரண்டாகப் பிரிப்பதே தவறு. கலிபோர்னியா டீக்கியும் ஓர் ஊர்ச்சரக்குதான். அதற்கென்று வரலாறும், தேடி வாங்குகிற கூட்டமும் இருக்கிறது.

சரி, கடைக்குள் போவோம். கையில் எடுத்ததும் முகத்தைப் பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள். வாங்குகிறவனுக்காகச் செதுக்கிய பக்கம் அது. எந்தத் தீவு முகத்தையும் எந்த ஊர்ப் பட்டறையிலும் செதுக்கிவிடலாம். அடியும் முதுகும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்ட இடங்கள். உண்மை அங்கேதான் கிடக்கும்.

அடியில் நேர்கோடாக, ஒரே இடைவெளியில் கோடுகள் ஓடினால் பட்டை ரம்பம் அறுத்தது. வட்டத்தின் துண்டு போல வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம். இரண்டும் மின்சாரம் உள்ள பட்டறையைச் சொல்கின்றன. சிறு சிறு குழிவாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் வெட்டு இருந்தால் உளி அல்லது வாய்ச்சி. மரக்கோடே இல்லாமல், பக்கவாட்டில் மெல்லிய தையல் போல ஒரு விளிம்பு ஓடி, அடியில் ஊசிமுனைக் குமிழிகள் தெரிந்தால் அது மரமே இல்லை, அச்சில் ஊற்றிய பிசின். ஹவாயில் கோக்கோ ஜோஸ் போன்ற நிறுவனங்கள் 1960-களிலிருந்து எரிமலைக் கல் தூள் கலந்தது என்று சொல்லி இப்படி ஏராளமாக விற்றன. அடியில் பெயரும் இருக்கும். இதை எரிந்த மரம் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். குமிழியைக் காட்டினேன், அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. விலையை மட்டும் குறைத்தார்.

அடியில் ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தால் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கீழே பழைய காகிதச் சீட்டு இருக்கலாம். சீட்டு விழுந்திருந்தாலும், நீள்வட்டமாகவோ சதுரமாகவோ நிறம் வெளுத்த தடம் இருக்கும். முதுகில் மாட்டும் கொக்கியையும் பார்க்கவேண்டும். கூட்டல் குறி போன்ற தலையுள்ள பிலிப்ஸ் திருகாணிக்கு 1936-இல்தான் காப்புரிமை கிடைத்தது. அது இருந்தால் கொக்கி அதற்குப் பிந்தியது என்பது உறுதி. சிற்பம் பிந்தியது என்று அர்த்தமல்ல. யாரோ பிறகு மாட்டியிருக்கலாம். திருகாணித் துளைக்குள் மரம் புதிதாக வெளுத்துத் தெரிகிறதா, சுற்றிலும் உள்ள நிறமே உள்ளேயும் இருக்கிறதா என்று டார்ச் அடித்தால் இந்தக் கேள்வி தீரும்.

ஒரு பொருளை வைத்துச் சொன்னால் விளங்கும். தானக் கடையில், முழங்கால் மடக்கி நிற்கும் ஓர் உருவம், 'டீக்கி' சீட்டோடு இருந்தது. முழ உயரம். கை இரண்டும் முழங்காலில் ஊன்றி இருந்தன. முகத்தில் கண், மூக்கு, வாய் என்று நாலைந்து வெட்டுதான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஹவாய் உருவங்கள் உதட்டைச் சுழித்து உறுமும். இது அப்படி இல்லை. என்னை நிறுத்தியது பீடம். மேலும் கீழும் விரிந்து நடுவில் ஒடுங்கிய உடுக்கை வடிவம். பிலிப்பைன்ஸின் வடக்கு லூசோன் மலைகளில் வாழும் இஃபுகாவோ மக்கள் நெற்களஞ்சியத்தில் வைக்கும் புலுல் உருவத்துக்குப் பீடம் பெரும்பாலும் நெல் குத்தும் உரலின் வடிவில்தான் இருக்கும். களஞ்சியத்தைக் காப்பதும் விளைச்சலைப் பெருக்குவதும் புலுலின் வேலை. சடங்கின்போது அதற்குப் பலி இரத்தமும் அரிசி மதுவும் பூசுவார்கள். பல தலைமுறை பூசிய உருவம் ஒரே சீராகக் கறுக்காது. தோளிலும் தலையிலும் தடித்து, அக்குளில் மெலிந்து, கை படும் இடத்தில் மட்டும் பளபளக்கும்.

கடையில் இருந்தது உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே கறுப்பு. ஈரமாக்கிய வெள்ளைக் காகிதக் கைக்குட்டையால் முதுகை ஒரு தேய்த்துத் தேய்த்தேன். பழுப்புச் சாயம் வந்தது, ஷூ பாலிஷ் வாடையும் வந்தது. அடியில் பட்டை ரம்பக் கோடுகள். ஆக, சடங்குக்குச் செய்ததல்ல; அதே மலைப்பகுதியின் பாகியோ, பனாவே ஊர்கள் பக்கத்தில் விற்பனைக்காகச் செதுக்கிய புலுல். அதனாலேயே நிம்மதியாக வாங்கினேன். செதுக்கியவர் கை நல்ல கை. முழங்காலின் மடிப்பை மூன்றே வெட்டில் முடித்திருக்கிறார். சுற்றுலாச் சரக்கு என்றாலே முகம் சுளிப்பவர்களை எனக்குப் புரிவதில்லை. சுவாமிமலையில் விற்பனைக்கு வார்க்கிற நடராசரை நாம் போலி என்றா சொல்கிறோம்?

மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பசிபிக் தீவுச் சிற்ப மரங்களில் சில நம் தெருமுனையில் நிற்பவை. ஹவாய்க் கிண்ணங்களிலும் தட்டுகளிலும் 'மங்கிபாட்' என்று அச்சிட்டிருக்குமே, அது நம் தூங்குமூஞ்சி மரம். தென் அமெரிக்கப் பக்கத்து மரமான அது ஹவாய்க்கு 1847-இல்தான் போனது. பொன்பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். ஓரத்தில் வெளிர்மஞ்சளாக வெள்ளைப்பகுதி ஒட்டியிருக்கும். அந்த இருநிறம் பார்த்தால் மறக்காது. ஆனால் மரம் தெரிந்ததால் ஊர் தெரிந்துவிடாது. இதே மரத்தைப் பிலிப்பைன்ஸில் அகாசியா என்றும் இந்தோனேசியாவில் சுவார் என்றும் சொல்லி விற்கிறார்கள். ஹவாயில் விற்ற மங்கிபாட் பொருள்களிலேயே நிறைய பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவை. ஆகவே மரம், ஊர்களின் பட்டியலைச் சுருக்கித் தரும், அவ்வளவுதான்.

அப்பா இங்கே வந்திருந்தபோது சந்தையில் ஒரு சின்ன உருவத்தைக் கையில் எடுத்தார். விலா எலும்பு துருத்திய, ஒட்டிய வயிற்றுக் கிழவன் போல இருந்தது. ஈஸ்டர் தீவில் 'மோஆய் கவாகவா' என்று சொல்லும் வடிவம் அது. அப்பாவுக்கு அந்தத் தீவும் தெரியாது, வடிவமும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி, அடியைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, "பூவரசுடா இது. வண்டிக்கு அறுத்தா இந்தச் சிவப்புதான் வரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தத் தீவில் இப்போது செதுக்குகிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் மகோயி மரம் பூவரசேதான். அங்கே பழைய சிற்பங்களுக்குப் பயன்பட்ட டொரோமிரோ மரம் காட்டில் அழிந்தே போய்விட்டது. ஹவாயில் மீலோ என்பதும், மார்க்கேசஸ் தீவுகளில் சிற்பிகள் விரும்பும் சிவப்பு நிற மரமும் இதே பூவரசுதான். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய மரம் இத்தனை கடலைத் தாண்டி நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பனையும் தென்னையும் அப்படித்தான். கலிபோர்னியாவில் பனை இனத் தண்டில் மின்ரம்பத்தால் செதுக்கிய பெரிய டீக்கிகள் நிறைய. வெட்டுமுகத்தைப் பாருங்கள்: ஆண்டு வளையம் இருக்காது, கரும்புள்ளிகளாக நார்முனைகள் தெரியும். பாலியிலிருந்து இறக்குமதியாகும் டீக்கிகளிலும் தென்னை உண்டு. அதனால் ரம்பத் தடத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கரியாக்கித் தேய்த்த தேவதாரு மரத்தில், கோடுகள் மேடும் பள்ளமுமாக எழும்பிய முகம் கிடைத்தால் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த விட்கோ நிறுவனத்தை நினைக்கலாம்.

சீட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. 1890-இன் சுங்கச் சட்டத்திலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும். நாடுகள் பெயர் மாற்றிக்கொண்டே இருந்தது நமக்கு நல்லதாகப் போயிற்று. டாங்கனிக்கா என்று இருந்தால் 1964-க்குப் பிந்தாது. சிலோன் என்றால் 1972-க்கு முன். நியூ ஹெப்ரிடீஸ் என்றால் 1980-க்கு முன். மேற்கு சமோவா என்றால் 1997-க்கு முன். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று இருந்தால் போருக்குப் பின் 1952 வரையிலான சில ஆண்டுகள். சிலோன் சீட்டோடு ஒரு முகமூடி எனக்குக் கிடைத்திருக்கிறது. பிதுங்கிய கண், தலையைச் சுற்றிப் படமெடுத்த நாகங்கள். அம்பலாங்கொடை பாணி ராட்சச முகமூடி. கடைக்காரர் அதையும் டீக்கி வரிசையில்தான் வைத்திருந்தார். சீட்டே இல்லையென்றால் பழசு என்று குதிக்கவேண்டாம். மாலுமியின் பையில் வந்த பொருளுக்குச் சீட்டு ஏது?

இவ்வளவும் பார்த்தபிறகு முகத்துக்கு வரலாம். ஹவாயின் கூ தெய்வ உருவம் என்றால் எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்தது போன்ற வாய், தலைக்கு மேல் பெரிய அலங்காரம், மடக்கிய கால். 1819-இல் பழைய சமய விதிகள் ஒழிக்கப்பட்டபோது கோயில் உருவங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார்கள். பெரிய கூ உருவங்களில் எஞ்சியவை மூன்றே: ஹொனலூலு பிஷப் அருங்காட்சியகத்தில் ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று, மாசசூசெட்ஸின் பீபடி எசெக்ஸில் ஒன்று. நான்காவது உங்கள் ஊர் தானக் கடைக்கு வரப்போவதில்லை. மார்க்கேசஸ் என்றால் மூக்குக்கண்ணாடி மாட்டியது போன்ற பெரிய வட்டக் கண், காது வரை வாய், வயிற்றில் கை. குக் தீவுகளின் மீனவர் தெய்வத்துக்குப் பெரிய தலை, தடித்த இமை, குட்டைக் கால். அந்த நாட்டு டாலர் நாணயத்திலேயே இருக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரிச் சிற்பத்தில் உடம்பெங்கும் சுருள் கோடுகள், நீட்டிய நாக்கு, பெரும்பாலும் மூன்று விரல், கண்ணில் பாவா சிப்பி. அசல் பாவாவைச் சாய்த்தால் நீலமும் பச்சையும் இடம் மாறும், ஒழுங்கில்லாத கருங்கோடுகள் தெரியும். அச்சடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு கண்ணிலும் ஒரே கோலம் இருக்கும். பச்சைப் பிளாஸ்டிக்கில் சின்ன பதக்கம் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். ஏர் நியூசிலாந்து ஒரு காலத்தில் பயணிகளுக்கு இனாமாகக் கொடுத்தது. விலை ஒன்றும் பெரிதில்லை, சும்மா வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முகமூடி என்றால் முதலில் உள்பக்கம். ஆடியவர் மூக்குக்கு இடம் குடைந்திருக்கிறதா, கண்துளை வழியே வெளியே தெரிகிறதா, ஓரத்தில் துணியோ நாரோ கட்டத் துளைகள் உண்டா, நெற்றியும் கன்னமும் பட்ட இடம் வழவழத்திருக்கிறதா? இவை எதுவும் இல்லாவிட்டால் சுவருக்குச் செய்தது. ஆனால் பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றுப் பகுதியில் முகத்தில் மாட்டாமல் வீட்டு முகப்பில் பொருத்தும் முகங்களும் உண்டு. அங்கே இந்தச் சோதனை செல்லாது. செபிக் பொருளுக்கு என் மூக்குதான் முதல் அடையாளம். சோழிக் கண், செம்மண்ணும் சுண்ணாம்பும் கரியும் பூசிய நிறம், கூடவே அடுப்புப் புகை வாடை. சிப்பியைப் பல் போல நறுக்கிக் கறுப்பு மரத்தில் வரிசையாகப் பதித்து, முகவாய் முன்னே துருத்தியிருந்தால் சாலமன் தீவுகள். போர்ப்படகின் முகப்பில் கட்டிய நுசுநுசு என்ற உருவத்தின் வழி வந்தது அது. கருங்காலி போன்ற மரத்தில் வழவழவென்று தேய்த்து, வெட்டுக் கோடுகளில் வெள்ளைச் சுண்ணாம்பு தேய்த்திருந்தால் பப்புவா நியூ கினியின் டிரோபிரியாண்ட் தீவுகளைத் தேடுங்கள்.

ஆப்பிரிக்கா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர்மேல் ஒருவராகப் பலர் ஏறிய கறுப்புத் தூண் என்றால் மகொண்டே பாணி, தான்சானியா, மொசாம்பிக். அசல் ஆப்பிரிக்கக் கருமரம் தண்ணீரில் மூழ்கும் கனம். கடையில் மூழ்கடிக்க முடியாது. கையில் எடுத்தாலே இவ்வளவு சின்னதா இவ்வளவு கனமா என்று தோன்றும். கறுப்பாக இருந்தும் லேசாக இருந்தால் பாலிஷ். கீறலில் வெள்ளை தெரியும். மான், ஒட்டகச்சிவிங்கி, மசாய் உருவம், சாலட் கரண்டி என்றால் பெரும்பாலும் கென்யாவின் கம்பா சிற்பிகள். முதல் உலகப்போருக்குப் பின் முத்திஸ்யா முங்கே என்பவரிடமிருந்து தொடங்கிய தொழில் அது. உடம்பெல்லாம் வண்ணப்புள்ளி வைத்த 'ஆஸ்திரேலியப் பழங்குடி' மிருகங்களில் ஏராளமானவை இந்தோனேசியாவில் செய்தவை. இப்படிப்பட்ட பூமராங்குகளைப் பழங்குடிக் கைவேலை என்று விற்றதற்காக 2019-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு நிறுவனத்துக்கு 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

எஸ்டேட் சேலில் இருக்கும் ஒரே வசதி, கேட்க ஆள் இருப்பது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கள் அப்பா எங்கெல்லாம் வேலை பார்த்தார்?" என்று கேளுங்கள். இது எந்த நாட்டுச் சிற்பம் என்று கேட்டால் அவர்களும் ஊகித்துத்தான் சொல்வார்கள். அப்பா எந்தக் கப்பலில் இருந்தார், எந்தச் சர்ச்சுக்காகப் போனார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய புகைப்படத்தில் அந்தச் சிற்பம் வீட்டுச் சுவரில் இருந்தால், அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். படத்தேடலில் ஏற்றிப் பார்ப்பது எனக்குப் பலன் தந்ததில்லை. விற்பவர்கள் போட்ட தப்பான பெயர்களே திரும்பி வரும். நியூசிலாந்தின் டே பாப்பா, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்பில் ஊர்ப் பெயரும் மரமும் போட்டுத் தேடி, கண், கை, பீடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் சரிப்படுகிறது.

சில பொருள்களை வாங்கவே கூடாது. மனித எலும்பு, மண்டையோடு பதித்தவை, ஆமையோடு, தந்தம் உள்ளவை சட்டச் சிக்கல். வெயிலிலும் மழையிலும் நின்று சாம்பல் நிறமான நீண்ட பலகை, உச்சியில் சிறு வட்டத் தலை, உடம்பில் முக்கோண வெட்டுகள் என்று இருந்தால் அது கென்யக் கடற்கரை மிஜிகெண்டா மக்களின் கிகாங்கோவாக இருக்கலாம். இறந்தவருக்காக நடும் நினைவுக் கம்பம் அது. பல திருடப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டன. டென்வர் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் தன்னிடம் இருந்தவற்றைத் திருப்பித் தருவதாக 2014-இல் அறிவித்தது. நம் ஊரில் நடுகல்லைப் பிடுங்கி விற்றால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். கண்ணில் பட்டால் படம் எடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழக மானுடவியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள்.

வாங்கியதை நேராக வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வெள்ளைத் தாளின்மேல் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். சிறு வட்டத் துளைகளும், தாளில் புதிதாக மாவு போன்ற தூளும் விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி எடுத்து, ஒட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் போதும். எடுத்தபின் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடவேண்டும். இல்லாவிட்டால் மரத்தில் ஈரம் படியும், வெடிக்கவும் கூடும். எங்கள் வீட்டில் தோசை மாவுக்கும் உறைந்த பரோட்டாவுக்கும் நடுவே ஒரு செபிக் முகம் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் உறைபெட்டியைத் திறக்கவே இல்லை. பூசை மாடத்துக்கு நேர் எதிரே மட்டும் மாட்டாதே என்று சொல்லிவிட்டார், மாட்டவில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கண்டுபிடித்ததை எழுதிவையுங்கள்: எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது, விற்றவர் சொன்னது என்ன, நீங்கள் ஊகிப்பது என்ன. சொன்னதையும் ஊகத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் மரத்தில் எழுதாதீர்கள், ஒட்டுத்தாளும் வேண்டாம், பசை நாளடைவில் மரத்தைக் கறையாக்கும். வெள்ளைக் காடாத்துணிப் பட்டையில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலில் கோத்து, கழுத்திலோ காலிலோ பின்பக்கமாகத் தளரக் கட்டிவிட்டால் போதும்.